இடைக்கால ஸ்காட்லாந்தில் சிண்டரெல்லா: தேவதைக் கதைகளை மறுபடி சொல்லும் காதல் நாவல்கள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இவை எவ்வகை நாவல்கள்?

ஆங்கிலத்தில் எழுதப்படும் வரலாற்றுக் காதல் நாவல்களின் ஒரு கிளை இது. சிண்டரெல்லா, உறங்கும் அழகி, அழகியும் அரக்கனும், ராபுன்ஸல் என்று பலருக்கும் தெரிந்த ஒரு தேவதைக் கதையின் அமைப்பை எடுத்துக்கொண்டு, அதை இடைக்கால ஸ்காட்லாந்தில், அதாவது ஏறத்தாழ 11ஆம் நூற்றாண்டுக்கும் நான்காம் ஜேம்ஸ் மன்னர் ஃபிளாடன் போர்க்களத்தில் மாண்ட 1513ஆம் ஆண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில், நடப்பதாக மாற்றி எழுதுகிறார்கள். அரண்மனை இருந்த இடத்தில் ஏரிக்கரைக் கோட்டை வரும், இளவரசன் குலத்தலைவனாவான், சூனியக்காரி, சொத்துக்கு ஆசைப்படும் உறவுக்காரியாவாள். காதலர் இருவரும் இறுதியில் சேர்ந்து வாழ வேண்டும் என்பது மட்டும் மீற முடியாத விதி. மாயம் கட்டாயமில்லை. ஆனால் மூலக்கதையிலிருந்து மாயத்தை நீக்கினால் அந்த இடம் வெறுமையாகிவிடுகிறது. அங்கே ஆசிரியர் எதைக் கொண்டுவந்து வைக்கிறார் என்பதைப் பார்த்தாலே நாவல் தேறுமா தேறாதா என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். கீழே உள்ள பதில்களில் பல அந்தக் கேள்வியிலிருந்தே பிறந்தவை.

சிண்டரெல்லாவும் உறங்கும் அழகியும் ஸ்காட்லாந்துக் கதைகளா?

இல்லை. இன்று பரவலாக அறியப்படும் வடிவில் சிண்டரெல்லா, உறங்கும் அழகி, நீலத்தாடி ஆகியவை 1697இல் பிரான்சில் ஷார்ல் பெரோ வெளியிட்ட தொகுப்பிலிருந்து வந்தவை. அழகியும் அரக்கனும் கதையை 1740இல் வில்னேவ் சீமாட்டி நீண்ட கதையாக எழுதினார். 1756இல் போமோன் சீமாட்டி அதைச் சுருக்கியதுதான் உலகெங்கும் பரவியது. ராபுன்ஸலும் பனிவெண்மையாளும் 1812இல் வெளிவந்த கிரிம் சகோதரர்களின் ஜெர்மன் தொகுப்பைச் சேர்ந்தவை. ஆக, இடைக்காலம் முடிந்து நூற்றாண்டுகளுக்குப் பின் அச்சேறிய பிரெஞ்சு, ஜெர்மன் கதைகளை ஸ்காட்லாந்தின் மலைகளுக்குக் கொண்டுபோகிறார்கள்.

அப்படியானால் ஏன் ஸ்காட்லாந்து?

இதற்கு முதற்காரணம் வால்டர் ஸ்காட். 1802, 1803 ஆண்டுகளில் அவர் வெளியிட்ட எல்லைப்புறப் பாடல்களின் தொகுப்பும், பின்னர் எழுதிய வரலாற்று நாவல்களும், ஸ்காட்லாந்து என்றாலே வீரமும் காதலும் மூடுபனியும் என்ற எண்ணத்தை ஐரோப்பிய வாசகர் மனத்தில் ஊன்றின. 1822இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது வரவேற்பு விழாக்களைத் திட்டமிட்டவரும் அவரே. அந்த விழாவில் தாழ்நிலத்துக் கனவான்கள்கூட மலைநாட்டு உடை அணிந்து நின்றார்கள். அன்று பதிந்த காட்சியை இன்றைய நாவல்கள் சில நூற்றாண்டுகள் பின்னே தள்ளி வைத்துக்கொள்கின்றன.

இரண்டாவது காரணம் அதிகம் பேசப்படுவதில்லை. தேவதைக் கதைக்கு, தன் கோட்டைக்குள் தன் சொல்லே சட்டமாக வாழும் ஒரு சிற்றரசன் தேவை. இடைக்கால ஸ்காட்லாந்தில் மன்னரின் கை எட்டாத பகுதிகள் நிறைய இருந்தன. குழியும் தூக்குமரமும் என்று குறிப்பிடப்பட்ட உரிமையைப் பெற்றிருந்த நிலக்கிழார்கள் தம் எல்லைக்குள் மரண தண்டனை வரை விதிக்க முடிந்தது. மேற்குத் தீவுகளின் தலைவர்கள் 1493இல் அந்தத் தலைமைப் பட்டம் பறிக்கப்படும்வரை ஏறக்குறைய தனி அரசர்களாகவே நடந்துகொண்டார்கள். கதையின் இளவரசனுக்கு இதைவிடப் பொருத்தமான மண் கிடைப்பது அரிது.

ஸ்காட்லாந்துக்கென்று சொந்தக் கதைகள் இல்லையா?

ஏராளமாக உண்டு. ஐலே தீவைச் சேர்ந்த ஜான் பிரான்சிஸ் கேம்பல் 1860 முதல் 1862 வரை மேற்கு மலைநாட்டுக் கதைகளை நான்கு தொகுதிகளாக வெளியிட்டார். இந்தச் செல்வத்தை விட்டுவிட்டு நாவலாசிரியர்கள் பாரிஸிலிருந்து கதையை இறக்குமதி செய்வது எனக்கு எப்போதும் வியப்பையே தந்திருக்கிறது.

ஸ்காட்லாந்தின் சிண்டரெல்லாவுக்கு ராஷின் கோட்டி என்று பெயர். நாணலால் செய்த ஆடையை உடுத்தியவள். அவளுக்கு உதவுவது மாயக் கிழவி அல்ல, இறந்த தாய் விட்டுச்சென்ற ஒரு சிவப்புக் கன்று. மாற்றாந்தாய் அந்தக் கன்றைக் கொல்லச் செய்த பிறகும் அதன் எலும்புகள் துணை நிற்கின்றன. அவள் போவது நடன விருந்துக்கும் அல்ல. கிறிஸ்துமஸ் நாளில் வீட்டார் அனைவரும் தேவாலயத்துக்குப் போய்விட, சமையலறையில் விடப்பட்ட பெண் அழகிய உடை பூண்டு அங்கே போய்ச் சேர்கிறாள். ஊரார் அனைவரும் கூடுவது தேவாலயத்தில்தான் என்றிருந்த ஒரு நாட்டில் இது எவ்வளவு இயல்பாகப் பொருந்துகிறது என்று பாருங்கள். பளிங்கு மண்டபத்தில் நடன விருந்து வைக்கும் இடைக்கால நாவலை இதற்குப் பக்கத்தில் வைத்தால் அது நாடகமேடை போலத் தெரியும்.

பனிவெண்மையாளுக்கு ஈடாக, 1892இல் ஜோசப் ஜேக்கப்ஸ் தன் தொகுப்பில் சேர்த்த பொன்மரமும் வெள்ளிமரமும் என்ற மலைநாட்டுக் கதை இருக்கிறது. அரசி கேள்வி கேட்பது கண்ணாடியிடம் அல்ல, கிணற்றில் வாழும் ஒரு மீனிடம். மகளின் இதயமும் ஈரலும் வேண்டும் என்று அவள் கேட்க, அரசன் ஓர் ஆட்டின் இதயத்தையும் ஈரலையும் கொடுத்து ஏமாற்றிவிட்டு, மகளை வெளிநாட்டு இளவரசனுக்கு மணமுடித்து அனுப்பிவிடுகிறான். கொல்லத் துடிப்பவள் பெற்ற தாயே. கிரிம் சகோதரர்களின் 1812 பதிப்பிலும் அவள் பெற்ற தாய்தான். பின்னர்தான் மாற்றாந்தாயாக மாற்றினார்கள். ஸ்காட்லாந்துக் கதையில், தாயின் சூழ்ச்சியால் இறந்ததுபோல் கிடக்கும் மகள் பொன்மரத்தை உயிர்ப்பிப்பவள் இளவரசன் இரண்டாவதாக மணந்த பெண். முதல் மனைவி மீண்டதால் அவள் விலகிச் செல்ல முன்வர, வேண்டாம், இருவரையும் வைத்துக்கொள்கிறேன் என்கிறான் இளவரசன். காதல் நாவலின் ஒரே விதியை இவன் ஒரே வரியில் உடைத்துவிடுவதால், இக்கதையை அப்படியே எடுத்தாளத் துணிபவர் குறைவாக இருப்பதில் வியப்பில்லை. ஆனால் ஆபத்தில் உதவும் அந்த இரண்டாம் பெண்ணைத் தோழியாகவோ நாத்தியாகவோ மாற்றி எழுதினால் அருமையான நாவல் கிடைக்கும்.

எல்லாவற்றிலும் மேலானது டாம் லின். செல்கர்க் ஊருக்கு அருகிலுள்ள கார்ட்டர்ஹா காட்டை மையமாகக் கொண்ட இந்தக் கதைப்பாடலைப் பற்றிய குறிப்பு 1549இலேயே இருக்கிறது. கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் அனுப்பிய வடிவம் 1796இல் அச்சானது. தடையை மீறிக் காட்டுக்குள் நுழையும் ஜேனட் ஒரு ரோஜாவைப் பறிக்க, தேவதைகளின் அரசியிடம் சிறைப்பட்ட டாம் லின் அவள் எதிரே தோன்றுகிறான். ஏழாண்டுக்கு ஒருமுறை நரகத்துக்குச் செலுத்த வேண்டிய காணிக்கையாகத் தன்னையே கொடுத்துவிடுவார்களோ என்று அஞ்சுகிறான். அனைத்துப் புனிதர் திருநாளுக்கு முந்தைய இரவில், குதிரையில் வரும் அவனைக் கீழே இழுத்து, பாம்பாகவும் கரடியாகவும் சிங்கமாகவும் பழுக்கக் காய்ச்சிய இரும்பாகவும் அவன் உருமாறும்போதெல்லாம் விடாமல் இறுகப் பற்றிக்கொண்டு அவள் மீட்கிறாள். ரோஜாவும், உருமாறிய காதலனும், மீட்கும் பெண்ணும் இங்கே ஒருங்கே இருக்க, அழகியும் அரக்கனும் கதைக்குப் பிரான்ஸ் வரை போக வேண்டிய தேவையே இல்லை.

மாயத்தை நீக்கிவிட்டால் கதை எப்படி நகரும்?

நிலமும் திருமணமும் பற்றிய இடைக்காலச் சட்டங்களால் நகரும். சூனியக்காரியின் சாபத்துக்கு இவை சற்றும் குறைந்தவை அல்ல.

சிண்டரெல்லாவை எடுத்துக்கொள்வோம். ஸ்காட்லாந்துச் சட்டப்படி, ஆண் வாரிசு இல்லாத நிலக்கிழாரின் நிலம் மகளுக்குச் சேரும். மகள்கள் பலர் இருந்தால் சமமாகப் பிரியும். கைம்பெண்ணுக்குக் கிடைப்பது கணவனின் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கின் வருவாயைத் தன் ஆயுள் உள்ளவரை அனுபவிக்கும் உரிமை மட்டுமே. அவளுடைய முதல் திருமணத்தில் பிறந்த மகள்களுக்கு எதுவுமில்லை. ஆகவே அடுப்படியில் சாம்பல் அள்ளும் பெண்தான் அந்தக் கோட்டையின் உண்மையான உரிமையாளர். அவள் மணமாகிப் போகும் நாளில் கோட்டை அவளுடைய கணவன் கைக்குப் போய்விடும். அத்துடன், வயது வராத வாரிசின் காப்பாளர் உரிமையும், அவளை யாருக்கு மணமுடிப்பது என்று முடிவுசெய்யும் உரிமையும் மேல்நிலைப் பிரபுவைச் சேர்ந்தவை. அவற்றை அவர் பணத்துக்கு விற்கலாம். அந்த உரிமையை மாற்றாந்தாய் விலைக்கு வாங்கிவிட்டாள் என்று ஒரு வரி எழுதினால் போதும், மூலக்கதையில் வெறும் கெட்ட குணமாக இருந்த கொடுமைக்கு அழுத்தமான காரணம் பிறந்துவிடுகிறது. அவளுடைய நிலையில் யாரும் அப்படித்தான் நடந்துகொள்வார்களோ என்று வாசகர் ஒரு கணம் தயங்கவும் நேரும்.

அழகியும் அரக்கனும் கதையில் தந்தையின் குற்றத்துக்கு மகள் பிணையாகப் போகிறாள். பிணையாட்கள் அக்காலத்தில் அன்றாட நடைமுறை. 1424இல் முதலாம் ஜேம்ஸ் இங்கிலாந்துச் சிறையிலிருந்து மீண்டபோது, மீட்புத்தொகைக்கு ஈடாகப் பிரபுக்குடும்பத்தினர் பலர் அங்கே அனுப்பப்பட்டார்கள். ஆனால் அரக்கனை எப்படி மாற்றுவது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். கன்னத்தில் ஒரு வாள்தழும்பு உள்ள கட்டழகனை அரக்கன் என்று ஊரே அஞ்சுவதாக எழுதினால் யார் நம்புவார்? தொழுநோய் இதைவிட உண்மையான அச்சம். ஸ்காட்லாந்து மன்னர் ராபர்ட் புரூஸுக்கே அந்நோய் இருந்ததாக எதிரி நாடான இங்கிலாந்தில் பேச்சு உலவியது. தொழுநோயால் திருமணம் முறிந்துவிடாது என்பது திருச்சபைச் சட்டம். அந்த வதந்தி சுமந்த ஒருவனை மணக்கச் சம்மதிக்கும் பெண்ணின் கதை மூலக்கதைக்கு நிகரான கனம் கொண்டது.

ராபுன்ஸலுக்குக் கற்பனையே தேவையில்லை. 1306இல் ஸ்கோனில் ராபர்ட் புரூஸுக்கு முடிசூட்டும் சடங்கை நிறைவேற்றியவர் பக்கன் சீமாட்டி இசபெல்லா. மன்னரை அரியணையில் அமர்த்தும் உரிமை அவர் பிறந்த ஃபைஃப் பிரபுக்குடும்பத்துக்கு உரியது. அவருடைய கணவரோ புரூஸின் எதிரணியில் இருந்தார். அதே ஆண்டில் பிடிபட்ட அவரை, இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டின் ஆணைப்படி பெரிக் கோட்டையில் ஒரு கூண்டில் அடைத்தார்கள். 1310 வரை அங்கே இருந்தார். புரூஸின் சகோதரி மேரிக்கும் ராக்ஸ்பரோ கோட்டையில் அதே கதி நேர்ந்தது.

உறங்கும் அழகிதான் கடினமானவள். நூறாண்டு உறக்கத்துக்குச் சட்டத்தில் ஈடு கிடையாது. ஆனால் ஸ்காட்லாந்தின் நம்பிக்கைகளில் உண்டு: தேவதைக் குன்றுக்குள் ஓர் இரவு கழித்தவர் வெளியே வரும்போது உலகில் நூறாண்டு கடந்திருக்கும். இன்வர்னஸ் நகரிலுள்ள டொம்னஹூரிக் குன்றில் ஓர் இரவு வாசித்துவிட்டு வந்த இரு பிடில் கலைஞர்களைப் பற்றி இப்படியொரு கதை வழங்குகிறது. இன்று விற்பனையில் முந்தும் காலப்பயணக் காதல் நாவல்களின் பாட்டி இந்தக் குன்றுக்கதைதான் என்பது என் கருத்து.

இந்த நாவல்களில் தேவதைகள் ஏன் அச்சமூட்டுகிறார்கள்?

அங்கே அவர்கள் சிறகு முளைத்த சிறுமிகள் அல்லர். மனிதரைக் கவர்ந்து செல்பவர்கள். அபர்ஃபாயில் ஊரின் போதகர் ராபர்ட் கிர்க் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவர்களைப் பற்றி ஒரு முழு ஆய்வுநூலே எழுதினார். 1692இல் அவர் இறந்தபோது, இறக்கவில்லை, பக்கத்துக் குன்றின் தேவதைகள் கொண்டுபோய்விட்டார்கள் என்று ஊரார் பேசிக்கொண்டார்கள். ஸ்கை தீவின் டன்வேகன் கோட்டையில் மக்லவுட் குலத்தினர் காத்துவரும் தேவதைக் கொடி, குலத்தலைவர் ஒருவர் மணந்த தேவதைப் பெண் தந்தது என்பது அக்குலத்தில் வழங்கும் மரபுகளுள் ஒன்று.

ஓராண்டும் ஒரு நாளும் சேர்ந்து வாழ்ந்து பார்க்கும் கைப்பிடித் திருமணம் உண்மையா?

நாவல்களில் தவறாமல் வரும் வழக்கம் இது. வரலாற்றில் ஆதாரம் மெலிந்தது. கைப்பிடித்தல் என்பது பெரும்பாலும் நிச்சயதார்த்தத்தையே குறித்தது. மேற்குத் தீவுகளில் ஓராண்டுச் சோதனைத் திருமணம் இருந்ததாக 1703இல் மார்ட்டின் மார்ட்டின் என்ற எழுத்தாளர் எழுதினார். 1820இல் வால்டர் ஸ்காட் அதை நாவலில் பயன்படுத்திப் புகழ்பெறச் செய்தார். தற்காலிகத் திருமணங்களை மேற்குத் தீவுத் தலைவர்களுக்கு விதிக்கப்பட்ட 1609ஆம் ஆண்டு அயோனா சட்டங்கள் தடைசெய்திருப்பதால், கேலிக் மொழி பேசிய பகுதிகளில் தளர்வான மண வழக்கங்கள் சில நிலவியிருக்க வேண்டும் என்று கொள்ளலாம். நாவல்களில் வரும் நேர்த்தியான சடங்கு அவற்றிலிருந்து வெகுதூரம்.

ஆசிரியர்கள் கவனிக்கத் தவறுவது இதைவிடச் சுவையான ஓர் உண்மையை. இடைக்காலத் திருச்சபைச் சட்டப்படி, இருவர் நிகழ்காலத்தில் உன்னை மணக்கிறேன் என்று ஒருவருக்கொருவர் சொன்னால், குருவும் சாட்சியும் இல்லாவிட்டாலும் அது செல்லுபடியாகும் திருமணம். 1215ஆம் ஆண்டு கூடிய திருச்சபையின் லாத்தரன் சங்கம் மறைவுத் திருமணங்களைக் கண்டித்தது. ஆனால் செல்லாதவை ஆக்கவில்லை. ஸ்காட்லாந்தில் இத்தகைய சம்மதத் திருமணம் 1940 வரை சட்டப்படி செல்லுபடியானது. உண்மையாகவே நடந்த, ஆனால் நிரூபிக்க முடியாத திருமணம்! ஒரு காதல் நாவலுக்கு இதைவிடப் பெரிய வரம் வேறென்ன இருக்க முடியும்?

நிலக்கிழாருக்கு முதலிரவு உரிமை இருந்ததா?

இல்லை. எவனஸ் என்ற பழங்கால மன்னன் அப்படி ஒரு சட்டம் இயற்றியதாக 1527இல் ஹெக்டர் போயிஸ் தன் வரலாற்று நூலில் எழுதினார், அம்மன்னனே கற்பனை. நாவலில் இது வந்தால் புத்தகத்தை மூடிவிடலாம் என்பது என் தனிப்பட்ட வழக்கம்.

கதைத்தலைவன் கில்ட் அணிந்திருப்பது சரியா?

அட்டைப்படத்துக்குச் சரி, வரலாற்றுக்குச் சரியல்ல. உடலைச் சுற்றி இடையில் வாரிட்டுக் கட்டும் பெரிய கம்பளி ஆடை 1590களில்தான் பதிவுகளில் தென்படுகிறது. இடைக்குக் கீழ் மட்டும் அணியும் சிறிய கில்ட் 18ஆம் நூற்றாண்டினது. கட்டமிட்ட துணி நெய்வது பழைய கலைதான் என்றாலும், குலத்துக்கு ஒரு டார்டன், அதாவது தனிக் கட்டமிட்ட துணி, என்ற ஏற்பாடு 19ஆம் நூற்றாண்டில் உருவானது. பனிமூட்டத்தில் துணியின் கட்டங்களைப் பார்த்தே எதிரிக் குலத்தை அடையாளம் காணும் காட்சி 14ஆம் நூற்றாண்டில் நடந்திருக்க முடியாது. அயோனாவிலும் மேற்குக் கரையின் பிற இடங்களிலும் உள்ள கல்லறைச் சிற்பங்களில், மலைநாட்டுத் தலைவர்கள் பஞ்சடைத்துத் தைத்த நீண்ட போர்ச்சட்டையும் கூர்முனைத் தலைக்கவசமும் அணிந்து நிற்கிறார்கள். அந்தக் கோலமும் கம்பீரமானதே. ஏனோ அட்டைப்பட ஓவியர்களுக்கு அது பிடிப்பதில்லை.

பாத்திரங்கள் பேசும் மொழி?

இந்நாவல்களில் மலைநாட்டு வீரர்கள் பேசுவதாகக் காட்டப்படும் கொச்சை ஆங்கிலம் உண்மையில் தாழ்நிலத்து ஸ்காட்ஸ் மொழியின் சாயல். மலைநாட்டவரும் தீவினரும் பேசியது கேலிக். 12, 13ஆம் நூற்றாண்டுப் பெருங்குடும்பங்கள் பலவற்றில் பிரெஞ்சும் புழங்கியது. இங்கிலாந்திலிருந்து வரும் மணமகளுக்கும் தீவுத் தலைவனுக்கும் பொதுமொழி இல்லாமல் இருந்திருக்கக்கூடும். அந்த ஊமைத்தனத்தைக் கதையாக்கும் நாவல், தண்ணீரைத் தாண்டி வந்த பெண் பேச முடியாமல் தவிக்கும் கடற்கன்னியின் கதையை எவ்வித மாயமுமின்றித் தொட்டுவிடும்.

உணவு, பானம் பற்றி?

ஓட்ஸ் அப்பம், பார்லி பீர், பாலாடைக்கட்டி, மீன், வசதியுள்ளோர் மேசையில் பிரான்சின் திராட்சை மது ஆகியவை பொருந்தும். உருளைக்கிழங்கு பொருந்தாது. விஸ்கியின் முன்னோடியான சாராயம் பற்றி அரசுக் கணக்கில் காணப்படும் மிகப் பழைய குறிப்பு 1494ஆம் ஆண்டினது. துறவி ஜான் கோர் என்பவருக்கு அதற்காக மால்ட் வழங்கப்பட்டது.

கதைத்தலைவிகள் இவ்வளவு துணிச்சலாக இருந்திருக்க முடியுமா?

முடியும். 1338இல் டன்பார் கோட்டையைச் சால்ஸ்பரி பிரபுவின் படை முற்றுகையிட்டபோது, கணவர் இல்லாத நேரத்தில் கருப்பு ஆக்னஸ் என்று பெயர்பெற்ற சீமாட்டி ஏறத்தாழ ஐந்து மாதங்கள் அதைக் காத்தார். எதிரியின் கவண்கற்கள் மதிலைத் தாக்கிய இடங்களைத் தன் பணிப்பெண்களை விட்டுத் துணியால் துடைக்கச் சொன்னார் என்கின்றன பழைய நூல்கள். முற்றுகை தோற்றது. தப்பியோடி அலைந்த காலத்தில் ராபர்ட் புரூஸுக்கு உதவியவர்களில் தீவுகளின் கிறிஸ்டினாவும் ஒருவர். தன் அறையைவிட்டு வெளியே வந்தறியாத கதைத்தலைவிதான் விளக்கம் கேட்கப்பட வேண்டியவள்.

வயது வேறு விஷயம். திருச்சபைச் சட்டம் பெண்ணுக்கு 12, ஆணுக்கு 14 என்று திருமண வயதை வைத்திருந்தது. அரசியல் திருமணங்கள் அதற்கும் முன்பே நடந்தன. 1328ஆம் ஆண்டு அமைதி உடன்படிக்கையை ஒட்டி இங்கிலாந்து இளவரசி ஜோனை மணந்த, ராபர்ட் புரூஸின் மகன் டேவிடுக்கு வயது 4, மணமகளுக்கு 7. இன்றைய நாவலாசிரியர்கள் பாத்திரங்களை இருபதைத் தாண்டியவர்களாக எழுதுகிறார்கள். இந்த ஒரு பிழை எப்போதும் மன்னிக்கத்தக்கது.

செல்கிக் கதைகளை எப்படி மகிழ்ச்சியாக முடிக்கிறார்கள்?

ஆர்க்னி, ஷெட்லாந்து தீவுகளில் வழங்கும் இக்கதைகளில், கடல்நாய்த் தோலைக் கழற்றிவிட்டுக் கரையேறும் செல்கி என்ற கடற்பெண்ணின் தோலை ஒருவன் ஒளித்துவைத்து அவளை மனைவியாக்கிக்கொள்கிறான். ஆண்டுகள் கழித்துத் தோல் கண்ணில் பட்டதும், பெற்ற பிள்ளைகளையும் விட்டுவிட்டு அவள் கடலுக்குத் திரும்பிவிடுகிறாள். களவில் தொடங்கிய மணத்தை மகிழ்ச்சியில் முடிப்பது எளிதல்ல. கதைத்தலைவன் தோலை இடைவேளையிலேயே திருப்பிக் கொடுத்துவிட, அவள் தானாகத் தங்குவதாக எழுதுவது ஒரு வழி. தோலைத் திருடியவன் வேறொருவன், கதைத்தலைவன் அதை மீட்டுத் தருகிறான் என்பது இன்னொரு வழி. இது சற்று மலிவான உத்தி. மாயமற்ற நாவல்களில் அவள் கப்பல் உடைந்து கரையொதுங்கிய நார்வேப் பெண்ணாவதுண்டு. ஆர்க்னியும் ஷெட்லாந்தும் 1468, 1469 ஆண்டுகளில் திருமணச் சீராக அடகு வைக்கப்படும்வரை ஸ்காட்லாந்தின் கையில் இருக்கவில்லை என்பதால் அதுவும் வரலாற்றுக்கு முரணல்ல.

தொடர் நூல்களை வரிசையாகப் படிக்க வேண்டுமா? சிறுவர்களுக்குத் தரலாமா?

பெரும்பாலான தொடர்கள், ஒரே குலத்துச் சகோதரர்கள் ஆளுக்கொரு நூலில் மணம் முடிப்பதாக அமைவதால், எந்த நூலிலிருந்தும் தொடங்கலாம். முந்தைய தம்பதியர் பின்னணியில் வந்துபோவார்கள், அவ்வளவே. தேவதைக் கதை என்ற பெயரைப் பார்த்துச் சிறுவர்களுக்கு வாங்க வேண்டாம். படுக்கையறைக் காட்சிகளை விரிவாக எழுதும் நூல்கள் இவ்வகையில் நிறைய உள்ளன. அவை இல்லாத நூல்கள் வேண்டுமென்றால் விளம்பரக் குறிப்பையும் முதல் சில அத்தியாயங்களையும் பார்த்த பின் வாங்குவது நல்லது.